பூச்சியின் உயிரணுவில் விளையும் புரதம்

மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தையும் தமிழகத்தையும் பிரித்து நிற்கும் மதில் என்று பூகோள நூல்கள் கூறும். ஆயினும் அம்மதிலின் இரு புறத்திலும் வாழும் மக்கள் அதனை ஒரு பிரிவாகக் கருதியதில்லை. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு வழியாக இரயிலும் லாரியும் இடைவிடாது செல்கின்றன. தெற்கே போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மலைப் பாதைகளில் தேனி மாவட்டத்துத் தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வர். பொழுது சாயும்போது திரும்புவர். இரண்டுக்கும் இடையே, மறையூரிலிருந்து சின்னாற்றுக் காட்டின் வழியே இறங்கினால் அமராவதியும் உடுமலைப்பேட்டையும் வந்துவிடும். மனிதரையும் வண்டியையும் நிறுத்திக் கேட்பதற்குச் சோதனைச் சாவடிகள் உண்டு. கொசுவை நிறுத்திக் கேட்பார் எவரும் இலர்.

2007-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கேரளத்தின் மலையடிவார மாவட்டங்களில் ஒரு காய்ச்சல் பரவியது. பத்தனம்திட்டை, கோட்டயம், இடுக்கி ஆகிய இடங்களில் ரப்பர்த் தோட்டங்களை அடுத்து வாழ்ந்தோர் நூற்றுக்கணக்கில் நோயுற்றனர். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. ஆனால் மூட்டுவலி தணியவில்லை. மரத்திற்கு மரம் நடந்து பால் வெட்டுபவருக்கும், குனிந்து ஏலக்காய் பறிக்கும் பெண்மணிக்கும் முழங்காலும் மணிக்கட்டும் மடங்காவிட்டால் கூலி ஏது? நோய் உயிரைக் கவர்ந்ததைவிடப் பிழைப்பைக் கவர்ந்ததே மிகுதி. அந்நோய்க்குச் சிக்குன்குன்யா என்று பெயர். ஆப்பிரிக்காவில் மகொண்டே மக்களின் மொழியில் ‘வளைந்து போகச் செய்வது’ என்பது அச்சொல்லின் பொருள். 1952-53-இல் தாங்கனீக்காவில் முதன்முதலில் அறியப்பட்ட இந்நோய், 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும் பரவிற்று. 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சி நகரில் தோன்றியபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓய்ந்திருந்து, 2005-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நம் நாட்டில் தலைகாட்டியது.

காய்ச்சலில் பல வகை உண்டு. டெங்கு, சிக்குன்குன்யா, எலிக்காய்ச்சல், மலேரியா ஆகிய நான்கும் முதல் இரண்டு நாட்களில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நோயாளியின் முகத்தைப் பார்த்து இன்னது என்று துணிவது கைதேர்ந்த வைத்தியருக்கும் அரிது. இரத்தத்தைச் சோதித்தே பெயர் சொல்ல வேண்டும். அவ்வாறு சோதிப்பதற்கு அந்த வைரஸ் கையில் இருக்க வேண்டும். அல்லது அதன் உறுப்பாகிய ஒரு புரதமாவது இருக்க வேண்டும். வைரஸ் என்பதோ தனித்து வாழாதது. நெல்லைப்போல் வயலில் விளைவிக்க இயலாது. பாக்டீரியாவைப்போல் வெறும் கஞ்சியில் வளர்க்கவும் இயலாது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்தால்தான் அது பெருகும். அப்படியானால் எந்த அணுவைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று காணப்போகிறோம். அவ்வரலாறு பட்டுப்புழுவில் தொடங்கி, ஒரு கொசுவில் திரும்பி, சோளக்கொல்லையை அழிக்கும் ஒரு புழுவில் வந்து நிற்கிறது.

பட்டுப்புழு வளர்ப்போர்க்கு ஒரு நோய் நன்கு தெரியும். உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்போரைக் கேட்டால், கிராசரி என்று அதன் பெயரைச் சொல்வார்கள். புழு வீங்கும், அமைதியின்றித் தட்டில் அலையும், தோல் எளிதில் கிழிந்து பால் போன்ற வெண்ணீர் ஒழுகும். ஐரோப்பாவில் பட்டுத் தொழில் செழித்த காலத்தில் இது பெருங்கேட்டை விளைவித்தது. 1856-ஆம் ஆண்டில் இத்தாலியரான மாயெஸ்திரி, கொர்னாலியா என்னும் இருவர் நோயுற்ற புழுவின் நீரை நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினர். பட்டை தீட்டிய மணிகள் போன்ற பல முகப் படிகங்கள் அதில் நிறைந்திருந்தன. அவை யாவை என்று அப்போது எவரும் அறியார். 1947-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்கோல்ட் என்பவர், ஒவ்வொரு படிகத்தின் உள்ளும் கோல் வடிவான வைரஸ்கள் புதைந்துகிடப்பதைக் காட்டினார். படிகம் என்பது வைரஸ் தனக்குக் கட்டிக்கொண்ட பெட்டகமே. புழு மாண்டு, உடல் கரைந்து, இலையிலும் மண்ணிலும் சிதறிய பிறகும், அடுத்த புழு வந்து இலையைத் தின்னும்வரை அப்பெட்டகத்துள் வைரஸ் கெடாமல் காத்திருக்கும். கோல் வடிவம் பற்றி இவ்வகை வைரஸ்களுக்குப் பாகுலோ வைரஸ் என்று பெயர் வந்தது.

இத்தகைய வைரஸைக் காண நாம் இத்தாலிக்குப் போகவேண்டுவதில்லை. பாலக்காட்டு மாவட்டத்தின் பறம்பிக்குளத்திலும், அதற்கு வடமேற்கே நிலம்பூரிலும் தேக்குக் காடுகள் உள்ளன. கோடை மழை பெய்து தேக்கு தளிர் விடும் சமயத்தில், இலையுண்ணும் ஒரு புழுப் படை திடீரெனத் தோன்றி, சில நாட்களில் மரங்களை மொட்டையாக்கிவிடும். இளந்தேக்குத் தோட்டங்களில் மரம் பருப்பதில் ஏறத்தாழ 44 விழுக்காடு இப்புழுவால் வீணாகிறது என்று கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் நிலம்பூரில் அளந்து கண்டனர். பீச்சியில் அமைந்த அந்நிலையத்தைச் சேர்ந்த சுதீந்திரகுமார் முதலானோர், இப்புழுக்களைக் கொல்லும் பாகுலோ வைரஸ் ஒன்றை இனங்கண்டு 1988-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் அவ்வைரஸையே பெருக்கித் தேக்கின்மேல் தெளித்துப் புழுவை அடக்கும் முயற்சியும் நடைபெற்றது. மரத்திற்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாமல், தன் புழுவை மட்டுமே கொல்லும் மருந்து அது. ஆனால் அதனைப் பெருக்குவதற்கு உயிருள்ள புழுக்களையே வளர்த்து, அவற்றுக்கு நோயூட்ட வேண்டியிருந்தது. புழு இன்றி, புழுவின் அணுவை மட்டும் புட்டியில் வளர்க்க முடியுமானால் எவ்வளவு எளிது என்ற எண்ணம் பூச்சி வைரஸை ஆராய்ந்த எல்லோருக்கும் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்திற்கு வயது அதிகம். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் டிரேகர், பட்டுப்பூச்சியின் சூலகத் திசுவை உடலுக்கு வெளியே உயிருடன் வைத்து, அதில் கிராசரி வைரஸைப் பெருக்கிக் காட்டினார். ஆயின் அத்திசு சில வாரங்களே தாங்கியது. குறை எங்கே? பூச்சியின் அணு எந்த நீரில் வாழ்கிறது என்பது தெரியாததே குறை. நம் உடலில் இரத்தம் குழாய்களில் ஓடுகிறது. பூச்சிக்கோ உடல் முழுவதுமே ஒரு குளம். அக்குளத்து நீரில் உறுப்புகள் மிதக்கின்றன. 1956-ஆம் ஆண்டில் வயட் அம்மையார் பட்டுப்புழுவின் அந்த நீரைப் பகுத்தறிந்து, அதில் உள்ள உப்புகள், சர்க்கரைகள், அமினோ அமிலங்கள் ஆகியவற்றின் அளவைக் கண்டு, அதற்கு ஒத்த செயற்கை நீரைத் தயாரித்தார். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் தாமஸ் கிரேஸ் என்பவர் அம்முறையைத் திருத்தியமைத்து, ஓர் அந்துப்பூச்சியின் சூலக அணுக்களை அதில் இட்டார். பல மாதங்கள் அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் பிரிந்து பெருகலாயின. 1962-ஆம் ஆண்டில், என்றும் பெருகிக்கொண்டேயிருக்கும் முதற் பூச்சி அணுவரிசை கிடைத்துவிட்டதென்று அவர் அறிவித்தார்.

அடுத்து அவர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் அணுக்களையும் வளர்த்துவிட்டதாக 1966-இல் எழுதினார். உலகம் மகிழ்ந்தது. பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தபோது, அப்புட்டியில் இருந்தவை கொசுவின் அணுக்களே அல்ல, முன்னைய அந்துப்பூச்சியின் அணுக்களே எப்படியோ கலந்து நிறைந்துவிட்டன என்பது வெளியாயிற்று. இதைக் கேட்டு அம்மேதையை இகழவேண்டா. கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வைத்துத் தொழில் செய்வதில் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கே இது சான்று. இக்கதையில் மீண்டும் ஒருமுறை அத்தகைய தவறு வரப்போகிறது.

இப்போது நம் நாட்டிற்கு வருவோம். 1952-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிலையமும் சேர்ந்து புனா நகரில் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. பூச்சிகள் பரப்பும் வைரஸ் நோய்களை ஆராய்வதே அதன் நோக்கம். 1955-ஆம் ஆண்டில் வேலூரில் குழந்தைகளைத் தாக்கிய மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று அறியப்பட்டது. 1957-இல் மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தபோது, அதற்குக் காரணமான புதிய வைரஸைக் கண்டவர்களும் புனா நிலையத்தாரே. அந்நாட்களில் வைரஸைப் பிரித்தெடுக்க ஒரு முறை இருந்தது. நோயாளியின் இரத்தத்தைப் பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் ஊசியால் செலுத்துவர். குஞ்சு நோயுற்றால் வைரஸ் உண்டு என்பது பொருள். சோதனைக்குரிய புரதமும் அந்த மூளையிலிருந்தே எடுக்கப்பட்டது. எலிக்குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வளர்க்க வேண்டும். பல நாட்கள் காத்திருக்க வேண்டும். டெங்கு வைரஸோ பல சமயங்களில் எலிக்குஞ்சுக்கு அடங்காமல் தப்பிவிடும். கொசுவில் வாழ்ந்து பழகிய வைரஸை எலியில் தேடினால் கிடைக்குமா?

புனா நிலையத்தில் பணியாற்றிய கே. ஆர். பி. சிங் என்பவர் கொசுவையே நாடினார். ஏடிஸ் ஈஜிப்டை, ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் இரு கொசுக்களின் முட்டைகளிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுக்களின் திசுக்களை எடுத்து, மிட்சுஹாஷி, மாரமராஷ் என்னும் இருவர் வகுத்திருந்த ஊட்டநீரில் வளர்த்தார். அணுக்கள் பற்றி நின்றன, பெருகின, ஒரு புட்டியிலிருந்து மறு புட்டிக்கு மாற்ற மாற்றப் பெருகிக்கொண்டே வந்தன. 1967-ஆம் ஆண்டில், பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் ஸயன்ஸ்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் இச்செய்தியை அவர் மூன்றே பக்கங்களில் வெளியிட்டார். மறு ஆண்டில் சிங்கும் எஸ். டி. பால் என்பவரும் சேர்ந்து, பூச்சிகள் பரப்பும் வைரஸ்கள் பல இவ்வணுக்களில் வளர்வதைக் காட்டினர். 1969-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வெளியீட்டில், டெங்கு வைரஸை இவ்வணுக்களிலேயே பிரித்தெடுக்கலாம் என்று எழுதினர்.

ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்பது நமக்கு அந்நியமானதன்று. கறுத்த உடலில் வெள்ளைக் கோடுகள் உடையதால் புலிக்கொசு என்று அதனை அழைப்பர். 1894-ஆம் ஆண்டில் ஸ்கூஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து கிடைத்த கொசுவைக் கொண்டே அதற்கு முதன்முதலில் பெயரிட்டார். மரப்பொந்திலும் மூங்கில் கணுவிலும் தேங்கிய நீரில் முட்டையிட்டுக் காட்டோரத்தில் வாழ்ந்த கொசு அது. மனிதன் தோட்டம் போட்டபோது, பொந்துக்குப் பதிலாக வேறொன்று அதற்குக் கிடைத்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சிரட்டையை எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிட்டால் சிரட்டைகள் மரத்திலேயே தொங்கும். மழைநீர் நிறையும். ஒரு தோட்டத்தில் ஆயிரம் மரங்கள் இருந்தால் ஆயிரம் சிறு குளங்கள். கேரளத்தின் மலையடிவாரத்தில் புலிக்கொசு செழித்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா இகாராஷி, சிங் வளர்த்த புலிக்கொசு அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் வழித்தோன்றல்களுள் டெங்கு வைரஸையும் சிக்குன்குன்யா வைரஸையும் மிகுதியாக விளைவிப்பது எது என்று தேடினார். அவ்வாறு தேர்ந்த ஒரு கிளைக்கு சி6/36 என்று எண் இட்டார். தாம் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘சிங்கின் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் அணு’ என்று குறிப்பிட்டது அவருடைய பெருந்தன்மை. இன்று டெங்குவை ஆராயும் சோதனைச்சாலை உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அங்கே ஒரு பெட்டியில் 28 பாகை வெப்பத்தில் சி6/36 அணுக்கள் வளர்ந்துகொண்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அவ்வணு ஏன் வைரஸுக்கு இவ்வளவு இடங்கொடுக்கிறது என்பது 2010-இல் விளங்கிற்று. கொசுவுக்கு வைரஸை எதிர்க்கும் உள்நாட்டுக் காவல் ஒன்று உண்டு. சி6/36 அணுவில் அக்காவலின் முக்கிய உறுப்பு ஒன்று பழுதுற்றிருந்தது. காவலற்ற வீட்டில் கள்வன் பெருகினான். காவலற்ற அந்த வீடே ஆராய்ச்சிக்கு உதவியாயிற்று.

முன்பு சொன்ன இரண்டாம் தவறு இனி வருகிறது. மனிதனுடைய அணுவிலோ குரங்கின் அணுவிலோ சிக்குன்குன்யா வைரஸ் புகுந்தால், அணு வெகு விரைவில் மடியும். கொசுவின் அணுவோ மடிவதில்லை. வைரஸைச் சுமந்துகொண்டே, ஒன்றும் நடவாததுபோல் வாழும். கொசு நோயுறாமல் நோயைச் சுமப்பதன் இரகசியமும் அதுவே. இதனால் நேர்ந்த ஆபத்து என்ன? சோதனைச்சாலைகளிடையே கைமாறிய புலிக்கொசு அணுவரிசை ஒன்றில், எவரும் செலுத்தாத சிக்குன்குன்யா வைரஸ் ஒளிந்திருந்ததை 1975-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தனர். பார்வைக்கு அணுக்கள் நலமாகவே இருந்தன. அத்தகைய அணுவை நம்பி ஒருவருடைய இரத்தத்தில் இன்ன வைரஸ் உண்டு என்று சொன்னால் என்னாகும்? அதுமுதல், பூச்சி அணுவை வாங்குவோர் முதலில் அதனையே சோதிப்பது வழக்கமாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்தும் இப்பாடம் பழையதாகவில்லை. மருந்துத் தயாரிப்புக்கு உலகெங்கும் பயன்படும் ஒரு புழுவின் அணுவரிசையில், அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று குடியிருப்பது 2014-இல் தெரியவந்தது.

அந்தப் புழு எது? தென்னமெரிக்கா முதல் வடஅமெரிக்கா வரை மக்காச்சோளத்தை அழித்துவந்த படைப்புழுவே அது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த வாகன் முதலானோர், அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து ஓர் அணுவரிசையை நிறுவினர். அதிலிருந்து பிரித்த ஒரு கிளையே எஸ்.எஃப். 9 என்று பெயர் பெற்றது. டெக்ஸாஸ் மாநிலத்தில் மாக்ஸ் சம்மர்ஸ், கேல் ஸ்மித், மால்கம் பிரேஸர் என்னும் மூவர் இவ்வணுவையும் பாகுலோ வைரஸையும் சேர்த்து 1983-இல் ஒரு புதிய வழியைத் திறந்தனர்.

அவ்வழியை விளக்க ஒரு உவமை போதும். பாலக்காட்டுச் சமையற்காரர்களின் கைத்திறன் ஊரறிந்தது. கல்யாண விருந்துக்கு அடுப்பு மூட்டிய மடைப்பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதுவே உயிரணு. தலைவர் கொடுக்கும் சீட்டில் உள்ளபடி சமையற்காரர் சமைப்பர். வைரஸ் உள்ளே நுழைந்து, தலைவரின் சீட்டை அகற்றிவிட்டுத் தன் சீட்டை வைக்கிறது. அந்தச் சீட்டின் கடைசி வரியில், பெட்டகம் கட்டுவதற்கான புரதத்தை அண்டா அண்டாவாகச் செய்க என்று எழுதியிருக்கும். நோயுற்ற அணுவில் உள்ள மொத்தப் புரதத்தில் காற்பங்குக்கு மேல் இந்த ஒன்றே ஆகிவிடும். ஆனால் பெட்டகம் எதற்கு? வெயிலிலும் மழையிலும் இலையில் காத்திருப்பதற்கு. புட்டியில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அங்கே பெட்டகம் இல்லாமலே வைரஸ் அணுவிலிருந்து அணுவுக்குத் தாவும். எனவே சீட்டில் அந்த ஒரு வரியை அழித்து, ‘அண்டா அண்டாவாக’ என்ற கட்டளையை மட்டும் நிறுத்திக்கொண்டு, நாம் விரும்பும் புரதத்தின் பெயரை எழுதினால் என்ன? மூவரும் அதைத்தான் செய்தனர். மனிதனுடைய இன்டர்பெரான் என்னும் புரதத்தைப் படைப்புழுவின் அணு சமைத்துக் கொடுத்தது. 1985-இல் ஜப்பானியர் இம்முறையைப் பட்டுப்புழுவிலேயே செய்து பார்த்தனர். நூல் நூற்க வேண்டிய புழுவின் உடல் நீரில் மனித இன்டர்பெரான் விளைந்தது.

இந்த வேலைக்குப் பாக்டீரியா போதாதா என்று கேட்கலாம். சில புரதங்களுக்குப் போதும். இன்சுலின் அவ்வாறு செய்யப்படுகிறது. ஆயின் வைரஸின் மேலுறைப் புரதம் வெறும் நூலன்று. மடித்து, முடிச்சிட்டு, சர்க்கரைத் துணுக்குகளைப் பதித்த பின்னரே அது தன் உருவைப் பெறும். பாக்டீரியாவுக்கு மடிக்கவும் பதிக்கவும் வேண்டிய கருவிகள் இல்லை. பூச்சியின் அணுவுக்கு உண்டு. அது பதிக்கும் சர்க்கரை மனித அணு பதிப்பதைப் போன்றே முழுமையானதன்று என்பது ஒரு குறை. எனினும் உரு சரியாக அமைகிறது, விளைச்சல் மிகுதி, மனித உடலின் வெப்பமும் வேண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நன்மை உண்டு. முழு வைரஸைக் கையாள்பவர் ஒவ்வொரு நாளும் தம் உடலைப் பணயம் வைக்கிறார். அதன் ஒரு புரதத்தை மட்டும் கையாள்பவருக்கு நோய் வராது. பாம்பின்றிச் சட்டையை மட்டும் ஆராய்வதுபோல் என்று கொள்ளலாம்.

ஆராய்ச்சிக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. நாம் தொடங்கிய சிக்குன்குன்யாவையே எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டில் கேரளத்தில் பரவிய வைரஸைச் சோதித்தபோது, அதன் ஈ-1 என்னும் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலம் மாறியிருந்தது. இம்மாறுதலே முன்பு ரீயூனியன் தீவிலும் தோன்றியது. இவ்வொரு மாறுதலால் வைரஸ் புலிக்கொசுவின் உடலில் முன்னைவிட எளிதாகப் பெருகக் கற்றுக்கொண்டது என்று சோதனையில் நிறுவினர். நகரத்து ஏடிஸ் ஈஜிப்டையை நம்பியிருந்த நோய், சிரட்டை நீரில் பிறக்கும் கொசுவின் மேலேறி மலைக்கு வந்தது இப்படித்தான். ஒரு புரதத்தின் ஓர் எழுத்துப் பிழை, ஒரு மாவட்டத்தின் கூலியை நிறுத்திவிட்டது.

அப்புரதம் எவ்வாறு மடிந்திருக்கிறது, எங்கே எதிர்ப்பொருள் அதனைப் பற்றும் என்பதை அறிய அதனைத் தூய்மையாகவும் மிகுதியாகவும் பெறவேண்டும். 2010-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், பழ ஈயின் அணுக்களில் சிக்குன்குன்யாவின் மேலுறைப் புரதங்களை விளைவித்து, அவற்றின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டினர். 2011-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பாகுலோ வைரஸைக் கொண்டு படைப்புழுவின் அணுக்களில் ஈ-1, ஈ-2 ஆகிய புரதங்களைச் செய்தனர். நோயைக் கண்டறியும் சோதனைக்கும், தடுப்பூசி முயற்சிக்கும் இத்தகைய புரதங்களே மூலப்பொருள்.

சோதனைச்சாலையிலிருந்து இம்முறை மருத்துவமனைக்கும் வந்துவிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் உறைப் புரதத்தை, முட்டைக்கோசை உண்ணும் புழுவின் அணுக்களில் செய்து தயாரித்த தடுப்பூசி 2007-இல் வழக்கத்திற்கு வந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது நோவாவாக்ஸ் நிறுவனம் வகுத்த தடுப்பூசிக்கு வேண்டிய முட்புரதம் எஸ்.எஃப். 9 அணுக்களில் விளைந்ததே. புனாவில் உள்ள சீரம் நிறுவனம் அதனைக் கோவோவாக்ஸ் என்ற பெயரில் தயாரித்தது. 2021 டிசம்பரில் நம் நாட்டில் அவசரப் பயன்பாட்டிற்கு அனுமதி கிடைத்தது. சிங் கொசுவின் அணுவை வளர்த்த அதே ஊரில், ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், புழுவின் அணுவில் பிறந்த மருந்து புட்டிகளில் அடைபட்டது.

இங்கே மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். அந்தப் படைப்புழு 2018-ஆம் ஆண்டில் கடல் கடந்து கர்நாடகத்தில் காணப்பட்டு, விரைவில் தமிழகத்து மக்காச்சோளக் கொல்லைகளிலும் புகுந்தது. குருத்தைத் தின்று தீர்த்த புழுவைப் பார்த்து நெஞ்சம் பதறிய விவசாயிக்கு, அதே இனத்துப் புழுவின் அணு ஒரு தடுப்பூசியைச் சமைத்தது என்று சொன்னால் அவர் நம்புவாரோ, மாட்டாரோ! பகையும் உதவியும் ஓர் உயிரிடத்தே கூடியிருப்பதை இயற்கை இப்படிப் பலமுறை காட்டுகிறது. தேக்கைத் தின்னும் புழுவும், பட்டைக் கெடுக்கும் நோயும், காய்ச்சல் பரப்பும் கொசுவும் பொறுமையாக நோக்கியவர்களுக்கு வழி காட்டின.

இவ்வரலாற்றில் நாம் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. பிறநாடுகளில் ஆக்கிய கருவிகளை வாங்கிப் பயன்படுத்துவதே நம் விதி என்று எண்ணிச் சோர்வோர் பலர். டெங்குவை ஆராயும் உலகத்து அறிஞர்கள் அனைவரும் ஒவ்வொரு நாளும் கையாளும் அணு, இந்தியக் கொசுவிலிருந்து, இந்தியச் சோதனைச்சாலையில், இந்தியர் ஒருவர் கைகளால் பிறந்தது. அதன் எண்ணை அறிந்த மாணவர்கள் பலர். அதன் பிறப்பை அறிந்தவர் சிலரே. 1978-இல் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் மாறிய அப்புனா நிலையத்திற்கு, இப்போது கேரளத்தில் ஆலப்புழையிலும் ஒரு கிளை உண்டு.

ஆனால் பெருமை மட்டும் காய்ச்சலைத் தணிக்காது. போடிமெட்டு ஏறும் ஜீப்பில் உடம்பு நடுங்க அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு, தம் காய்ச்சலின் பெயர் நான்காம் நாளுக்குள் தெரியவேண்டும். டெங்கு என்றால் எந்த வலிமாத்திரையை விழுங்கக் கூடாது என்று எச்சரிக்கலாம். எலிக்காய்ச்சல் என்றால் காலத்தில் மருந்து கொடுத்து உயிரைக் காக்கலாம். பாரிஸில் வரைந்த வடிவமும், புனாவில் பிறந்த அணுவும் அந்தத் தொழிலாளியின் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கும் மேசை வரை வந்து சேர்ந்தால்தான் இந்த நீண்ட உழைப்பு முற்றுப்பெறும். எல்லையின் எப்புறத்தில் அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டாலும், அங்கே கண்ட உண்மை மறுபுறத்துச் சுகாதார அதிகாரிக்கும் உடனே எட்டவேண்டும்.

நம்மால் ஆவதும் ஒன்றுண்டு. மழை தொடங்குமுன், பால்வெட்டு நிற்கும் நாளில், மரத்தில் தொங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்போம். வீட்டின் புறத்தே கிடக்கும் உடைந்த பானையையும் பழைய டயரையும் அகற்றுவோம். விஞ்ஞானிகள் கொசுவின் அணுவைப் புட்டியில் வளர்க்கட்டும்; கொசுவை நாம் சிரட்டையில் வளர்க்கவேண்டா.